ராஜதங்கல் நகர், முடிச்சூர்

துளசிங்கம்: அப்போ எங்க நைனா பேரு போர்டுலேர்ந்து பூடும்... அதானே சார் சொல்ல வர்றீங்க?

ராகவன்: பூடும்னு ஏன் சொல்றேள் துளசிங்கம்? உயர்த்தறோம். ஒரு தனி மனுஷர் பேர்லேர்ந்து ஒரு வரலாற்றுக்கு இந்தக் காலனியை உயர்த்தறோம்.

துளசிங்கம்: ஒசத்தறதுன்னா... தகரத்தக் கழட்டி எறக்கறது.

காமு: காபி எடுத்துக்கோங்கோ துளசிங்கம். இவர் எதை உயர்த்தறதா இருந்தாலும் முதல்ல எறக்கித்தான் ஆரம்பிப்பார். பரண்லேர்ந்து டிரங்குப் பெட்டியை எறக்கினார். ரெண்டு வாரமாக் கூடத்துல அதைத் தாண்டிண்டுதான் நடக்கறேன்.

ராகவன்: காமு, இது சங்க விஷயம்.

காமு: சங்கம் என் கூடத்துலதானே நடக்கறது.

துளசிங்கம்: சார், நா சண்டைக்கு வரல. எண்பத்தாறுல இந்த நெலத்த மனை போட்டு விக்க ஆரம்பிச்சேன். அப்போ நைனா பேர்ல ‘சுப்பராயலு நகர்’னு ஒரு தகரம் எழுதி வெச்சேன். அவுரு போய்ச் சேர்ந்து மூணு வருசமாவுது. ஊர்ல அவுருக்குன்னு மிச்சம் கீறது அந்தத் தகரம்தான். நெலம் இல்ல. கெணறு தூத்தாச்சு. வூட்டயும் இடிச்சு மாடி கட்டி, கீழ சிமென்ட் கடை போட்டுக்கினேன். அதுக்கும் என் பேருதான்.

ராகவன்: உங்க உணர்ச்சி எனக்குப் புரியறது. ஆனா வர பதினஞ்சாம் தேதி கொடியேத்தம். தாசில்தார் வரார். சுதந்திர தின மலர் வெளியிடறோம். கருங்கல்லுல பேர் பொறிக்கறோம். அந்த நேரத்துல யார் இந்த சுப்பராயலுன்னு அவர் கேட்டா நான் என்ன பதில் சொல்றது? பெரிய தியாகியா, புலவரா, வள்ளலா?

துளசிங்கம்: நெல்லு போட்டாரு சார்.

ராகவன்: அதைக் கல்லுல வெட்ட முடியுமா?

காமு: ‘ஸ்ரீநிவாசராகவன் நகர்’னு வெட்டினா மட்டும் தாசில்தார் கையைக் கட்டிண்டு கேட்டுப்பாரோ?

ராகவன்: நான் அப்படிச் சொன்னேனா? செயற்குழுவுல ஒருத்தர் சொன்னார். அதை நானே தடுத்தேன்.

காமு: கொஞ்சம் லேட்டாத் தடுத்தார் துளசிங்கம். மினிட்ஸ் நோட்டுல ஏறினப்புறம்.

ராகவன்: இதைப் பாருங்கோ. கையை வேஷ்டியில துடைச்சுண்டு தொடுங்கோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலு. ஒரு மைலுக்கு ஒரு அங்குலம். வெள்ளைக்காரன் அடி அடியா அளந்து போட்ட மேப். தாம்பரம் மார்க்கெட் பக்கத்துப் பழைய பேப்பர் கடையில எடைக்குப் போட்டிருந்தான். நான் போகலைன்னா அதுல பகோடா மடிச்சிருப்பான்.

துளசிங்கம்: இது ஜெராக்ஸு மாதிரி கீதே.

ராகவன்: ஆமா... ஒரிஜினல் ரொம்ப நைஞ்சு போச்சு. கை பட்டா உதிரும். அதான் ஜெராக்ஸ்.

துளசிங்கம்: இன்னா சார், ஒரே கருப்பா, புழு நெளியற மாதிரி...

ராகவன்: அது கான்டூர். ஒரே உயரத்துல இருக்கற இடத்தையெல்லாம் ஒரே கோட்டால சேர்க்கறது.

காமு: வெங்காயத்தைக் குறுக்கே அரிஞ்சா எப்படி வளையம் வளையமா இருக்கும்? அதுதான் மலை.

ராகவன்: விஞ்ஞானத்தை அடுக்களையில கொண்டுபோய்...

துளசிங்கம்: மாமி சொன்னதுதான் சார் புரியுது. அப்போ இந்தப் பெரிய வெங்காயம்... வண்டலூர் மலையா?

ராகவன்: வண்டலூர் மலை. இது ரயில் பாதை. இந்த வளைஞ்சு போறது அடையாறு. சமவெளி முழுக்க வயல். மலை அடிவாரத்துல முள்ளுக்காடு. இப்போ என் விரலைப் பாருங்கோ. முடிச்சூருக்கும் மலைக்கும் நடுவுல, சரியா நம்ம காலனி இருக்கற இடத்துல, என்ன எழுதியிருக்கு? இங்கிலீஷ்ல எழுத்துக் கூட்டறேன். ஆர், ஏ, ஜே, ஏ. ராஜ! டி, ஏ, என், ஜி, ஏ, எல். தங்கல்! ராஜதங்கல்! உடம்பு சிலிர்க்கறதா இல்லையா?

துளசிங்கம்: கொஞ்சம் வேர்க்குது சார்.

ராகவன்: தங்கல்னா என்ன? தங்குமிடம். ராஜா தங்கின இடம் ராஜதங்கல். நாம படுத்துத் தூங்கற இந்த மண்ணுல ஒரு ராஜா பாசறை போட்டுத் தூங்கியிருக்கான்!

துளசிங்கம்: எந்த... எந்த ராசா சார்?

ராகவன்: அது ஆராய்ச்சிக்கு உரியது. பல்லவனா இருக்கலாம். காஞ்சீபுரத்துலேர்ந்து மாமல்லபுரம் போற வழியில...

காமு: காஞ்சீபுரத்துலேர்ந்து மாமல்லபுரம் போறவன் முடிச்சூருக்கு எதுக்கு வரான்? பஸ் மாறவா?

ராகவன்: அந்தக் காலத்துப் பெருவழி எப்படிப் போச்சுன்னு உனக்குத் தெரியுமா?

காமு: எனக்குத் தெரியாது. வண்டலூர் ஜூவுல விடிகாலைல சிங்கம் கத்தறது, அது தெரியும். இந்தப் பக்கத்துல தங்கின ராஜான்னா அது ஒண்ணுதான்.

துளசிங்கம்: சார், நா ஒண்ணு கேக்கறேன். அதான் முடிவு பண்ணிட்டீங்களே. அப்பால என்ன எதுக்குக் கூப்ட்டீங்க?

ராகவன்: அதுக்குத்தான் வரேன். செயற்குழுவுல எல்லாரும் சரின்னுட்டா. அந்த திரிபுரசுந்தரி டீச்சர் மட்டும் கொடி பிடிக்கறா. வெறும் மேப்பை வெச்சுண்டு பேர் மாத்தப்படாதாம். பரம்பரையா இங்கே இருக்கறவா ஒருத்தர் வாயால வரணுமாம். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போறும். மலர்ல உங்க போட்டோ போட்டு, கீழே, ‘இவ்விடம் தொன்றுதொட்டு ராஜதங்கல் என்றே வழங்கி வந்ததாக உள்ளூர்ப் பெரியவர் திருவாளர் துளசிங்கம் கூறுகிறார்.’

துளசிங்கம்: அதாவது... எங்க நைனா பேர எடுக்கறதுக்கு என் வாயாலயே சொல்லணும்.

ராகவன்: அப்படிப் பாக்கப்படாது.

துளசிங்கம்: நா இல்லேன்னு சொன்னா? போர்டு அப்படியே இருக்குமா?

ராகவன்: இல்லைன்னு ஏன் சொல்லணும்? அப்படிச் சொன்னா, பின்னே என்னன்னு கேப்பாளே.

காமு: அதானே. ராஜா தங்கலைன்னா பின்னே என்ன தங்கினது இங்கேன்னு நானே கேப்பேன்.

துளசிங்கம்: ...இன்னா தங்கிச்சுன்னு சொல்லணுமா?

காமு: எதுக்குக் கேக்கறேன்னா, நம்ம கீரைக்காரி கிளியம்மாள் இருக்காளே, அவ என்னை ‘தாங்கல் அம்மா’ன்னுதான் கூப்பிடறா. தங்கல் இல்லை. தாங்கல். நன்னா வாயைத் திறந்து.

ராகவன்: மருவினது. பேச்சு வழக்குல குறில் நீண்டுடும்.

துளசிங்கம்: ஆமா மாமி! எங்க ஆளுங்க எல்லாத்தயும் இழுத்து இழுத்துத்தான் பேசுவாங்க!

காமு: அப்படியா? உங்களை ‘தூளசிங்கம்’னு யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லையே.

ராகவன்: காமு, உனக்கு உள்ளே வேலை ஒண்ணும் இல்லையா?

காமு: ரசம் கொதிக்கறது. அதுக்கு இந்தக் கதை கேக்கணும்னு இல்லை. எனக்குக் கேக்கணும்.

துளசிங்கம்: சார், அது இந்த எடமாவே இருக்காது. அந்தாண்ட மண்ணிவாக்கம் பக்கமா இருக்கும். வெள்ளக்காரன் எங்கியோ எழுத வேண்டியத இங்க எழுதிட்டான்.

ராகவன்: அளந்து பாத்துட்டேன். ரயில் பாதையிலேர்ந்து ஸ்கேல் வெச்சு. நம்ம ஆத்து வாசல்ல வந்து நிக்கறது. இதோ பாருங்கோ, இந்தப் புள்ளிப் புள்ளியா போற வழி நம்ம மூணாவது தெரு.

துளசிங்கம்: இந்தப் புள்ளி இன்னா சார்?

ராகவன்: ஒத்தையடிப் பாதை.

துளசிங்கம்: ஒத்தையடி... இருங்க சார். கைய எடுங்க. இது முடிச்சூரு. இங்கேர்ந்து கெளம்பி... இப்படி வளைஞ்சு... அட! இது நாங்க மாடு ஓட்டிகினு போன வழி சார்! இதையும் போட்டுக்கிறானா அந்தாளு? மாடு போற வழிய?

ராகவன்: எதையும் விடமாட்டான் வெள்ளைக்காரன்.

துளசிங்கம்: இந்தக் குட்டிக் குட்டி மரம் மாதிரி...

ராகவன்: பனை.

துளசிங்கம்: வரிசப் பனை! நா பாக்கறப்போ பாதிதான் மிச்சம். நைனா ஒண்ணொண்ணுக்கும் பேரு வெச்சிருந்தாரு. ஒண்ணு ‘மொண்டி’. ஒண்ணு ‘தாசில்தாரு’.

காமு: தாசில்தாரா? ஏன்?

துளசிங்கம்: நல்லா ஒசரமா நிக்கும் மாமி. ஆனா காய்க்காது.

காமு: பதினஞ்சாம் தேதி இதைச் சொல்லிடாதேங்கோ.

துளசிங்கம்: இந்த மல ஓரமாத்தான் வைகாசில மாட்ட வுட்டுட்டு காரைப் பழம் பொறுக்கித் தின்னுகினு கெடப்போம். மேல ஏறி நின்னா முழுசாத் தெரியும் சார். ஒரே பச்ச. கிச்சிலி சம்பா. நடுவுல ஆறு, அர்ணாக்கொடி மாதிரி. ரயிலு போவும், ஆனா சத்தம் வராது. கொஞ்சம் லேட்டா வரும். மலைல ஒரு மழ அடிச்சா பாக்கணும் மாமி! செம்மண்ணு கரைஞ்சு செவசெவன்னு எறங்கி வரும். மொதல்ல நொர, அப்பால சருகு, அப்பால எலி, பாம்பு எல்லாம் ஒண்ணா மெதந்துகினு, அதுக்கப்பால தண்ணி. திமுதிமுன்னு வந்து அப்படியே நெறஞ்...

காமு: நெறஞ்?

துளசிங்கம்: ...நெறைய வரும்னேன்.

காமு: நெறைய வந்து எங்கே போகும்?

துளசிங்கம்: அது... போவும் மாமி. தண்ணி ஒரு எடத்துல நிக்குமா?

ராகவன்: புவியீர்ப்பு, காமு. ஆத்துக்குப் போயிடும்.

காமு: அப்போ நீங்க நீச்சல் எங்கே கத்துண்டேள்?

துளசிங்கம்: கெணத்துல.

காமு: தாமரைக்கொடி காலை இழுத்துதுன்னு போன தடவை சிமென்ட் மூட்டை எறக்க வந்தப்போ சொன்னேளே. அதுவும் கிணத்துலயா?

துளசிங்கம்: பெரிய கெணறு மாமி.

ராகவன்: அந்தக் காலத்துக் கிணறெல்லாம் அப்படித்தான். விடு. துளசிங்கம், நாம விஷயத்துக்கு வருவோம்.

துளசிங்கம்: ஒரு நிமிசம் சார். இந்தக் கட்டக் கோடு... குறுக்கால பல்லு பல்லா வெச்சிகினு போவுதே... அதுக்கு மேலதான் நைனா பொழுதோட போய்க் குந்துவாரு. மதகு மேல. ஒரு பீடி. பேச மாட்டாரு. நா போனா இப்படி நவுந்து எடம் வுடுவாரு, அவ்ளோதான். மதகுக்குள்ள தண்ணி கொறட்ட வுடற மாதிரி ஒரு சத்தம்...

காமு: மதகா? மதகு எதுக்கு?

துளசிங்கம்: மதகுன்னா... எங்கூர்ல குந்தற கல்ல மதகுன்னுவோம்.

காமு: கொறட்டை விட்டது கல்லா?

ராகவன்: வட்டார வழக்கு, காமு! ஒவ்வொரு வார்த்தைக்கும் வக்கீல் மாதிரிக் கேட்டா மனுஷன் எப்படிப் பேசுவார்? ரசம் பொங்கறது, போய் எறக்கு... உள்ளே போயிட்டா, துளசிங்கம். இந்தாங்கோ பேனா. இதுல ஒரு கையெழுத்து.

துளசிங்கம்: சார்...

ராகவன்: போட்டோ ஒண்ணு தாங்கோ. நல்ல சட்டை போட்டுண்டு எடுத்தது.

துளசிங்கம்: சார், எங்க நைனா பேசவே மாட்டாரு. ஆனா வாயத் தொறந்தா நெசம்தான் வரும். அதனாலயே ஊர்ல அவுர எதுக்கும் கூப்பிட மாட்டாங்க. அவுரு பேர அழிக்கறதுக்கு நா ஒரு பொய்யி சொல்லி, அதுக்குக் கீழ என் மூஞ்சியயும் போட்டுக்கறதா? போற எடத்துல அவுரு நவுந்து எடம் வுட மாட்டாரு சார்.

ராகவன்: பொய்யா? யார் சொன்னா பொய்ன்னு?

துளசிங்கம்: ராசா தங்கினது நெசம்தான்.

ராகவன்: அதைத்தானே நானும்...

துளசிங்கம்: அது எரும சார்.

ராகவன்: என்ன?

துளசிங்கம்: எங்க பாட்டன் வளத்த எருமக்கடா. ராசான்னு பேரு. காலைல தண்ணில எறங்கிச்சுன்னா பொழுது சாயற வரைக்கும் ஏறாது. மூக்கு மட்டும் வெளிய தெரியும். ராசா கெடக்கற தாங்கல், ராசா தாங்கல். அளக்க வந்த வெள்ளக்காரன் இது இன்னா எடம்னு கேட்டுக்கிறான். எவனோ சொல்லிக்கிறான். அவன் பாஷைல தாவும் ஒண்ணு, தவும் ஒண்ணு. ஒரு கால வுட்டுட்டான். நீங்க அத அப்படியே படிச்சிட்டீங்க. அந்தத் துணைக்கால சேத்துப் படிங்க சார். தங்கல் இல்ல, தாங்கல். ஏரி சார். சின்ன ஏரி. பட்டா எங்க பேர்லதான் இருந்துச்சு. தண்ணியும் எங்க பேர்லதான் நின்னுச்சு. அதத்தான் தூத்து மனை போட்டு வித்தேன். சங்கத்துல சொல்றதுன்னா சொல்லிக்கோங்க. ஆனா பேர மட்டும் எடுக்காதீங்க.

ராகவன்: ...

துளசிங்கம்: திட்டுங்க சார். கம்முனு இருந்தீங்கன்னா நைனா மாதிரியே கீது.

ராகவன்: மெதுவாப் பேசுங்கோ. ஜன்னல் திறந்திருக்கு. பக்கத்தாத்து ராஜாராமன் வராந்தாவுல பேப்பர் படிக்கறார்.

துளசிங்கம்: இன்னா சார், கோவம் வரலியா?

ராகவன்: எனக்குத் தெரியும் துளசிங்கம்.

துளசிங்கம்: இன்னா தெரியும்?

ராகவன்: ஒரிஜினல் நைஞ்சு போகலை. இந்தப் பெட்டி அடியில, புடவைக்குக் கீழே பத்திரமா இருக்கு. கலர் மேப். நம்ம தெரு மூணும் நீலம். பேப்பர் கடையில விரிச்ச உடனே பாத்துட்டேன். ஜெராக்ஸ் எடுத்ததே நீலம் கருப்பாயிடும்னுதான்.

துளசிங்கம்: ஒங்களுக்கு எதுக்கு சார் இந்த வேல? வித்தவன் நான்.

ராகவன்: வாங்க வெச்சவன் நான். பாதிக் காலனி என் ஆபீஸ். ‘நான் மேப் படிக்கத் தெரிஞ்சவன், என்னை நம்பி கண்ணை மூடிண்டு வாங்குங்கோ’ன்னு ஒவ்வொரு டேபிளாப் போய்ச் சொன்னேன். கண்ணை மூடிண்டு வாங்கினா. இப்போ ஐப்பசி வந்தா வாசல்ல தண்ணி. பஞ்சாயத்து கால்வாய் வெட்டலைன்னு வருஷா வருஷம் மனு எழுதறேன். பஸ்ல கண்டக்டர் ‘தாங்கல் எறங்கு’ன்னு கத்தறான். ஒருத்தர் அகராதியைப் பிரிச்சாப் போச்சு, துளசிங்கம். ராத்திரி தூக்கம் வரலை. அதான் ‘தங்கல்’னு கல்லுல வெட்டிட்டா, அப்புறம் யாரும்...

துளசிங்கம்: அப்போ ராசா, பல்லவன், பாசறை எல்லாம்...

ராகவன்: உங்கப்பா மேல எனக்கு ஒரு விரோதமும் இல்லை.

துளசிங்கம்: நல்லாக் கீது சார். ஒங்களுக்கு பயந்துகினு நா ஏரிய மூடினேன். ஊருக்கு பயந்துகினு நீங்க மூடினீங்க. ரெண்டுத்துக்கும் நடுவுல மண்ணப் போட்டது எங்க நைனா பேரு மேல.

ராகவன்: காமுக்கு மட்டும் தெரிய வேண்டாம். மாம்பலத்துலேர்ந்து அவளைப் பேசிப் பேசி இங்கே அழைச்சிண்டு வந்தேன்...

காமு: ரசத்தை எறக்கிட்டேன். குரலை எறக்க வேண்டாம்.

ராகவன்: நீ... எப்போ வந்தே?

காமு: எண்பத்தேழு தை மாசம்.

ராகவன்: உளறாதே. நாம குடி வந்தது எண்பத்தொன்பதுல.

காமு: குடி வந்ததைச் சொல்லலை. நீங்க மனை பாத்தது அதுக்கு முந்தின சித்திரையில. நிலம் வெடிச்சு, வெள்ளரிக்கொடி படர்ந்திருந்தது. நான் பாத்தது தையில. பல்லாவரத்துல கல்யாணம்னு சொல்லிட்டு, நாம வாங்கப் போற இடம் எப்படி இருக்குன்னு பாக்க வந்தேன். சுத்திவர வேலிக்கல் நட்டாச்சு. ஏரியை இன்னும் தூர்க்கலை. உங்கப்பா கரையில தனியா நின்னுண்டிருந்தார், துளசிங்கம்.

துளசிங்கம்: எங்க நைனாவா?

காமு: ‘யம்மா, எம்புள்ள சொல்ல மாட்டான். இது தண்ணி படுக்கற எடம். வாங்கறதுன்னு ஆயிட்டா இடுப்பளவு ஒசத்திக் கட்டிக்கோ’ன்னார். அவ்வளவுதான். திரும்பி நின்னுண்டுட்டார்.

துளசிங்கம்: எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே அந்த மனுசன்... செத்துப் போற வரைக்கும்...

ராகவன்: நம்மாத்துத் தளத்தை அவ்வளவு உயரமா எழுப்பணும்னு நீ அடம் பிடிச்சது அதுக்கா? சாஸ்திரம்னு சொன்னியே!

காமு: சாஸ்திரம்னா நீங்க கேப்பேள். கரையில நின்ன கிழவர் சொன்னார்னா கேப்பேளா? உள்ளூர்க்காரா வாயால வரணும்னு திரிபுரசுந்தரிக்குச் சொல்லிக் கொடுத்ததும் நான்தான். துளசிங்கம் வந்து இல்லைன்னு சொல்லிடுவார்னு நினைச்சேன். இவ்வளவு நேரம் பிடிக்கும்னு நினைக்கலை. கருங்கல்லு வாங்கினது வாங்கினதாவே இருக்கட்டும். சுப்பராயலு நகர்னு வெட்டச் சொல்லுங்கோ. யார் சுப்பராயலுன்னு தாசில்தார் கேட்டா, நான் சொல்லிக்கறேன்.

துளசிங்கம்: மாமி... கொஞ்சம் தண்ணி குடுங்க.

ராகவன்: இரு காமு. அன்னிக்கே தெரியும்னா ஏன் எங்கிட்டச் சொல்லலை? பத்திரம்கூட அப்போ பதியலையே. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வாங்கியிருக்கவே மாட்டேனே!

காமு: அதனாலதான்னா சொல்லலை. மாம்பலத்துல நம்ம ஒண்டுக்குடித்தனத்து ஜன்னலைத் திறந்தா அடுத்தாத்துச் சுவர். அன்னிக்குக் கரையில நின்னேன், தண்ணி முழுக்க மலை தலைகீழாக் கிடந்தது. ஒரு அலை கிடையாது. கார்த்தாலை எழுந்ததும் இதைப் பாத்துண்டே காபி குடிக்கலாம்னு தோணிடுத்து... நாம வீடு கட்டினா அந்தத் தண்ணி இருக்காதுங்கறது எனக்கு உறைக்கவே இல்லைன்னா.